ஆர்தரின் கவசம் கழன்ற பிறகு: கோஸ்ட்ஸ் அண்ட் காப்ளின்ஸ் ஆடத் தொடங்குவோருக்கு

நள்ளிரவில் கல்லறைத் தோட்டம் ஒன்றில், உள்ளாடையோடு இளவரசியின் அருகில் இளைப்பாறிக்கொண்டிருக்கும் வீரனைக் காட்டித் தொடங்கும் வீடியோ கேம் வேறு எதுவும் என் நினைவுக்கு வரவில்லை. சில நொடிகளில் சிறகுடைய பேய் ஒன்று வந்து இளவரசி பிரின்-பிரினைத் தூக்கிச் சென்றுவிடுகிறது. ஆர்தர் என்னும் அந்த வீரர் இரும்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு பின்தொடர்கிறார். கதை அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆட்டம் யாருக்கும் எதையும் கற்றுத்தருவதில்லை. புதியவர்களில் பெரும்பாலோர் முதல் நிமிடத்திலேயே எலும்புக் குவியலாகச் சரிந்து, இது நமக்கு ஒத்துவராது என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

அப்படி ஒதுங்கியவர்களில் நானும் ஒருவன். சிறுவயதில் டி.வி.யில் இணைத்து ஆடிய வீடியோ கேமின் கேசட் ஒன்றில் பல ஆட்டங்களுக்கு நடுவே இதுவும் இருந்தது; நான்கு முறை எலும்பானதும் அடுத்த ஆட்டத்துக்கு மாறிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்து மறுபடியும் உட்கார்ந்தபோதுதான், என் விரல்கள் தேவைக்கு மேல் வேகமாக இருந்ததே கோளாறு என்று புரிந்தது. கீழே சொல்லப்படும் படிகள் அனைத்தும் அந்த வேகத்தைக் குறைப்பதற்கானவை என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எந்தப் பதிப்பில் தொடங்குவது

கேப்காம் நிறுவனம் 1985 இல், கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரங்களுக்காக இந்த ஆட்டத்தை வெளியிட்டது. ஜப்பானில் இதன் பெயர் ‘மகாய்முரா’. பேயுலகக் கிராமம் என்று பொருள் கொள்ளலாம். வடிவமைத்தவர் தோகுரோ ஃபுஜிவாரா. அடுத்த ஆண்டே வீட்டுக் கன்சோலான நிண்டெண்டோவின் ஃபேமிகாமுக்கும் இது வந்தது. நம்மில் பலர் பழைய கேசட்டுகளில் பார்த்தது இந்த இரண்டாவது பதிப்பைத்தான். அதில் உருவங்கள் அடிக்கடி மினுமினுக்கும், அசைவுகள் தடைபடும். எதிரி எப்போது நகர்ந்தான் என்பதே சில இடங்களில் கண்ணுக்குப் பிடிபடாது. புதியவர்களுக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கடினமான ஆட்டத்தைக் கற்கும்போது கண்ணும் கையும் நம்பத்தகுந்த ஒரு பதிப்பின்மீது பழகுவது நல்லது.

ஆகவே முதல் படி, ஆர்கேட் மூலப் பதிப்பைத் தேடிக்கொள்வது. 2021 இல் வந்த கேப்காம் ஆர்கேட் ஸ்டேடியம் தொகுப்பில் இது தனியாக விலைக்குக் கிடைக்கிறது. அந்தத் தொகுப்பில் ஆட்டத்தைச் சில நொடிகள் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கவும், நடுவில் சேமித்து வைக்கவும், வேகத்தைக் குறைக்கவும் வசதிகள் உண்டு. இவற்றைப் பயன்படுத்துவது ஏமாற்று வேலை என்று கருதுவோர் இருக்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. ஆனால் பின்னோக்கி ஓட்டும் வசதியை ஒரு நிபந்தனையுடன் பயன்படுத்த வேண்டும். செத்ததை இல்லையென்று ஆக்குவதற்காக அல்லாமல், எந்த நொடியில் தவறு தொடங்கியது என்று பார்ப்பதற்காக அதை அழுத்துங்கள். பெரும்பாலும் அடி விழுந்த இடத்துக்கு இரண்டு நொடி முன்னதாகவே, நீங்கள் தாவத் தேவையில்லாத இடத்தில் தாவியிருப்பீர்கள்.

தாவலைக் கற்றுக்கொள்ளுதல்

ஆட்டத்துக்கு ஒரு ஜாய்ஸ்டிக்கும் இரண்டு பட்டன்களும் போதும். ஒன்று எறிவதற்கு, மற்றொன்று தாவுவதற்கு. ஆயினும் இந்தத் தாவல் நீங்கள் வேறு ஆட்டங்களில் பழகிய தாவல் அன்று. மாரியோ போன்ற ஆட்டங்களில் காற்றில் இருக்கும்போதே திசையைச் சற்றே மாற்றி, தவறாக எடுத்த தாவலைத் திருத்திக்கொள்ள முடியும். ஆர்தர் கால் தரையை விட்ட கணத்தில் அவருடைய பாதை முடிவாகிவிடுகிறது. ஓடிக்கொண்டே தாவினால் ஒரே அளவிலான வளைவில் முன்னே போய் விழுவார். நின்றபடி தாவினால் நேராக மேலே எழும்பி அதே இடத்தில் இறங்குவார். நடுவில் எதையும் மாற்ற இயலாது. வில்லிலிருந்து புறப்பட்ட அம்பைத் திருப்பி அழைக்க முடியாதது போலத்தான் இதுவும்.

இதைப் புத்தி உடனே புரிந்துகொள்ளும். விரல்கள் புரிந்துகொள்ள ஒரு வாரம் ஆகலாம். அதற்கு ஓர் எளிய பயிற்சி உண்டு. முதல் கட்டத்தின் தொடக்கத்தில் வரிசையாக நிற்கும் கல்லறைக் கற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தாண்டும்போது, எவ்வளவு முன்னதாகப் பட்டனை அழுத்தினால் கல்லில் முட்டாமல் அப்பால் போய் இறங்குகிறீர்கள், இறங்கும் இடம் கல்லிலிருந்து எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று கவனியுங்கள். வளைவின் நீளம் எப்போதும் ஒன்றே என்பதால், சிறிது நேரத்தில் இறங்கப்போகும் இடம் தாவுவதற்கு முன்பே கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். அந்தப் பார்வை வந்தபின், “அங்கே இறங்கும்போது அங்கே யார் இருப்பார்கள்?” என்ற கேள்வியை ஒவ்வொரு தாவலுக்கு முன்பும் கேட்டுக்கொள்வதே மீதி வேலை.

அடி வாங்குவதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். முதல் அடியில் கவசம் சிதறி, ஆர்தர் மறுபடியும் உள்ளாடையோடு நிற்பார். இரண்டாவது அடியில் எலும்புக்கூடாகச் சரிவார். பள்ளத்தில் விழுந்தாலோ நேரம் தீர்ந்தாலோ கவசம் இருந்தும் பயனில்லை. கவசம் கழன்றவுடன் பதற்றத்தில் முன்னோக்கி ஓடுவதுதான் புதியவர்களின் வழக்கம். அடி பட்டதும் உங்களை எதுவும் தொட முடியாத ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது. அதை ஓடுவதற்குச் செலவழிக்காமல், எதிரி இல்லாத பக்கம் நகர்ந்து நிற்பதற்குச் செலவழியுங்கள்.

ஈட்டியும் பிற ஆயுதங்களும்

தொடக்கத்தில் கையில் இருப்பது ஈட்டி. அது நேர்கோட்டில் இடமோ வலமோ மட்டுமே பாயும்; குனிந்தும் எறியலாம், தாவியபடியும் எறியலாம், ஆனால் தலைக்கு மேலே எறிய முடியாது. மேலும் கீழும் எறியும் திறமை 1988 இல் வந்த அடுத்த பாகமான கூல்ஸ் அண்ட் கோஸ்ட்ஸில்தான் ஆர்தருக்கு வாய்த்தது. ஏணியில் இருக்கும்போது எதையுமே எறிய இயலாது என்பதால், ஏணியின் உச்சியில் யாராவது நடமாடினால் கீழேயே காத்திருப்பது உத்தமம்.

திரையில் ஒரே சமயத்தில் பறக்கக்கூடிய ஈட்டிகளின் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முன்பு எறிந்தவை எதன்மீதாவது பட்டோ, திரையைக் கடந்தோ மறைந்தால்தான் அடுத்தது கையிலிருந்து புறப்படும். தொலைவிலிருந்து குறி தவறிய இரண்டு ஈட்டிகளை வீணாக்கினால், அவை திரையின் விளிம்பை அடையும் வரை நீங்கள் வெறுங்கையராக நிற்பீர்கள். ஜாம்பி என்னும் நடைபிணம் வந்து தொடுவது பெரும்பாலும் அந்த நொடியில்தான். மாறாக, எதிரிக்கு அருகில் நின்று எறிந்தால் ஒவ்வொரு ஈட்டியும் உடனே பட்டு மறைவதால் மழைபோல் தொடர்ந்து எறிய முடியும். பயம் நம்மைத் தள்ளி நிற்கச் சொல்கிறது. இந்த ஆட்டமோ பல இடங்களில் நெருங்கி நிற்பவருக்கே சாதகமாக இருக்கிறது.

எதிரிகளில் சிலர் ஒரு குடத்தைச் சுமந்து வருவார்கள். அவர்களை வீழ்த்தினால் குடத்திலிருந்து புள்ளி தரும் பொருளோ வேறோர் ஆயுதமோ கிடைக்கும். ஆயுதத்தைத் தொட்ட மாத்திரத்தில் கையில் இருந்தது போய்விடும், வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. குறுவாள் கிடைத்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். ஈட்டியைவிட விரைவாகப் பாயும், ஆட்டத்தின் இறுதிப் பகுதி வரை இதைவிட நம்பகமான ஆயுதம் இல்லை. கோடரி வளைந்து விழும், பழகியவர்களுக்குச் சில இடங்களில் உதவும். தீப்பந்தத்தை மட்டும் நெருப்பு என்றே நினைத்து விலகுங்கள். அது சற்றுத் தூரத்தில் வளைந்து விழுந்து தரையில் எரிந்துகொண்டிருக்கும். அந்த நெருப்பு அணையும் வரை அடுத்ததை எறிவதும் தடைபடும். பார்ப்பதற்கு வலிமையாகத் தெரிவதால் புதியவர்கள் ஆசையோடு ஓடிப்போய் எடுக்கும் ஆயுதம் இதுதான். ஆகவே, குடம் சுமப்பவனைக் குறுகலான இடத்தில் கொல்லாதீர்கள். கீழே விழும் பொருளைத் தாண்டிப்போக உங்கள் ஒரே அளவு வளைவுக்கு இடம் இருக்கும் இடத்திற்கு அவனை வரவிட்டுக் கொல்லுங்கள்.

முதல் கட்டத்தை நடந்து பார்த்தல்

முதல் சில நாட்களுக்கு இந்த ஒரு கட்டத்தைத் தவிர வேறெதையும் ஆட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. ஆட்டம் பிற்பாடு கேட்கப்போகும் அனைத்தையும் இதிலேயே சிறு அளவில் கேட்டுவிடுகிறது.

கல்லறைத் தோட்டத்தில் ஜாம்பிகள் தரையைப் பிளந்துகொண்டு எழுகிறார்கள், முன்னாலும் எழுவார்கள், முதுகுக்குப் பின்னாலும் எழுவார்கள். நீங்கள் நிற்காமல் ஓடினால், எழுந்தவர்கள் பின்னால் கூட்டமாகச் சேர்ந்து, முன்னால் ஒரு தடை வரும்போது உங்களை இருபுறமும் நெருக்குவார்கள். நான்கடி நகர்ந்து, நின்று, எழுபவனை முழுமையாக எழவிட்டு வீழ்த்தி, திரும்பிப் பார்த்து, மறுபடி நகர்வது என்ற தாளத்துக்கு வாருங்கள். அதேவேளையில் நேரத்துக்கும் வரம்பு இருப்பதால் ஒரே இடத்தில் நின்று புள்ளி சேர்க்கும் ஆசையும் கூடாது. இரண்டு நிமிடம் என்பது நிதானமாக நடப்பவருக்குப் போதுமானது, வேடிக்கை பார்ப்பவருக்குப் போதாது.

கல்லறைக் கற்களின்மீது ஈட்டியைக் கண்டபடி எறியவும் வேண்டாம். சில கற்களைத் தொடர்ந்து தாக்கினால் மந்திரவாதி ஒருவன் தோன்றி ஆர்தரைத் தவளையாக்கிவிடுவான். தவளைக்குத் தத்தத் தெரியும், எறியத் தெரியாது. வேடிக்கைக்காக ஒருமுறை வேண்டுமென்றே செய்து பார்க்கலாம்; நானும் செய்திருக்கிறேன், சிரித்து முடிப்பதற்குள் ஒரு ஜாம்பி வந்து கணக்கை முடித்தது. கற்களின்மேல் அமர்ந்திருக்கும் காகங்கள் நீங்கள் நெருங்கியதும் பறந்து வரும். நின்ற இடத்தில் தாவி, உச்சியில் ஓர் ஈட்டி எறிந்தால் போதும். ஏணி ஏறிப் போகும் மேடையிலும் அதன் பிறகும் ஒரே இடத்தில் நின்று உமிழும் பச்சைச் செடிப் பேய்கள் இருக்கின்றன. அவை உமிழ்ந்ததைத் தாண்டி இறங்கியவுடன் எறிவது எளிது. உமிழ்வதற்கு முன்னால் அவசரப்பட்டு நெருங்குவதுதான் சிக்கல்.

சிவப்புப் பேய்

பிறகு திறந்த வெளியில் ஒரு சிவப்புப் பேய் தரையில் அமைதியாக உட்கார்ந்திருக்கும். இதன் பெயர் ரெட் அரீமர். கேப்காமில் இந்த ஆட்டத்தின் நிரலாளராக இருந்த தோஷியோ அரிமாவின் பெயரை ஒட்டி வைக்கப்பட்டது. பின்னாளில் தனக்கென்று ஒரு தனி ஆட்டத்தையே பெற்றுக்கொண்ட அளவுக்குப் புகழ் பெற்ற எதிரி இது. ஆடத் தொடங்குவோரில் பலர் கைவிடும் இடமும் இதுவே என்பதால், இங்கே சற்று நின்று பார்ப்போம்.

இந்தப் பேய் மற்ற எதிரிகளைப் போலத் தன் போக்கில் நடந்து வருவதில்லை; நீங்கள் செய்வதைப் பார்த்து நடந்துகொள்கிறது. நெருங்கினாலோ தொலைவிலிருந்து எறிந்தாலோ உடனே மேலே எழும்பிவிடும். மேலே மிதக்கும்போது உங்களால் அதைத் தொட முடியாது, ஏனென்றால் மேல்நோக்கி எறிய வழியில்லை. சிறிது நேரம் அங்குமிங்கும் அலைந்துவிட்டு, ஒரு வளைவில் உங்கள் உயரத்துக்குப் பாய்ந்து இறங்கி, மறுபடி மேலே போகும். சில சமயம் தரையில் இறங்கி உங்களை நோக்கி ஓடிவரும். இடையில் நெருப்பும் உமிழும்.

புதியவர்கள் இரண்டு தவறுகளைச் செய்கிறார்கள். முதலாவது, அது மேலே இருக்கும்போது பயத்தில் பட்டனைத் தட்டிக்கொண்டே இருப்பது. அதனால் இறங்கும் வேளையில் ஈட்டிகள் எல்லாம் எங்கோ பறந்துகொண்டிருக்கும், கை வெறுமையாக இருக்கும். இரண்டாவது, பின்வாங்கி ஓடுவது. பின்வாங்கும்போது பாய்ச்சலின் வளைவு சரியாக உங்கள்மீது முடியும். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. அது மேலே இருக்கும்போது எதையும் எறியாமல், அதன் நேர் கீழே இராமல் ஓரிரு அடி விலகி நில்லுங்கள். பாய்ச்சல் தொடங்கிய கணத்தில் அதன் பாதையும் உங்கள் தாவலைப் போலவே ஓரளவு முடிவாகிவிடுகிறது. அது தாழ வந்து உங்கள் மார்பு உயரத்தில் நேராகும் அந்தச் சிறு இடைவெளியில் இரண்டு ஈட்டிகளை அடுத்தடுத்து எறியுங்கள். குறி தவறினால் அதற்கு அடியில் புகுந்து மறுபக்கம் ஓடி, திரும்பி நின்று, மறுபடி காத்திருங்கள். அது தரையில் ஓடிவந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். நெருங்க விட்டு எறியுங்கள், தவறினால் நின்ற இடத்தில் தாவாமல் ஓடியபடி அதைத் தாண்டிவிடுங்கள்.

எனக்கு இது கைவந்தது ஒரு வினோதமான வழியில். நான் மலிவாக வாங்கிய கண்ட்ரோலர் ஒன்றில் எறியும் பட்டன் சற்று உள்ளே ஒட்டிக்கொண்டு, ஒருமுறை அழுத்தினால் மீண்டும் எழ நேரம் எடுத்துக்கொண்டது. எறிந்துகொண்டே இருக்க முடியாததால் வேறு வழியின்றிக் காத்திருந்தேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக அந்தச் சிவப்புப் பேய் விழுந்தது.

அதைக் கடந்தால் ஒரு நீர்நிலை. மேலே ஒரு மண்திட்டு இடமும் வலமுமாக நகர்ந்துகொண்டிருக்கும். திட்டு உங்களை நோக்கி வரும்போது தாவினால் வளைவு அதைத் தாண்டி இறங்கிவிடும் ஆபத்து உண்டு. கரைக்கு வந்து சேரும்வரை பொறுத்து ஏறுங்கள். பிறகு காடு. ஈட்டியோடு பறந்துவரும் பன்றிமுகப் பேய்கள் வரும் உயரத்தைப் பார்த்து, குனிந்தோ தாவியோ எதிர்கொள்ளலாம். கட்டத்தின் முடிவில் கதவுக்கு முன்னால் ஒற்றைக் கொம்புடைய பேருருவ அரக்கன் ஒருவன் காத்திருப்பான். அருகில் நின்று எறிந்தால் அடுத்த ஈட்டியை உடனே எறியலாம் என்ற விதி இங்கே முழுப் பயனைத் தரும். விலகாமல் எறிந்துகொண்டே இருங்கள். அவன் உயரத் தாவினால் அவனுக்கு அடியில் ஓடி மறுபக்கம் போய்த் திரும்பி எறியுங்கள். அவன் விழுந்ததும் கிடைக்கும் சாவியை எடுத்தால் கதவு திறக்கும்.

அடுத்தடுத்த கட்டங்கள்

இரண்டாம் கட்டம் பனிப்பகுதியில் தொடங்கி, ஏணிகளால் இணைந்த பல தளக் கட்டடத்துக்குள் போகிறது. பனியில் அலைபோல் மேலும் கீழுமாக மிதந்து வரும் கேடய வீரர்களோடு சண்டையிடுவதைவிட, அவர்களுடைய அலையின் உயர்ந்த பகுதியில் அடியில் நுழைந்துவிடுவது மேல். கட்டடத்தில் நடமாடும் பருத்த அரக்கர்கள் பல அடி தாங்குவார்கள் என்பதால், ஏணி ஏறிய உடனே அவர்கள் முகத்தில் போய் முட்டாதவாறு, அவர்கள் முதுகைக் காட்டும் நேரம் பார்த்து ஏறுங்கள். மூன்றாவது குகைகளில் நடக்கிறது, நான்காவது நெருப்பின்மீது நீளும் பாலத்தில். இவ்விரண்டின் முடிவிலும் நெளிந்து பறக்கும் டிராகன் வரும். அதன் வாலைத் துரத்தாமல், தலை தாழ இறங்கும் பக்கத்தில் நின்று எறிய வேண்டும். குகையிலும் பாலத்திலும் நகரும் தளங்கள் அதிகம். முதல் கட்டத்து மண்திட்டில் பொறுமை பழகியவர்களுக்கு இவை புதிதல்ல.

ஐந்தாவதும் ஆறாவதும் பேயரசனின் கோட்டைக்குள் கீழிருந்து மேலே ஏறுபவை. முன்பு கட்டத்தின் முடிவில் பெரிய எதிரியாக (பாஸ்) வந்தவர்கள் இங்கே வழியில் சாதாரண எதிரிகளாக நிற்பதைப் பார்க்கும்போது அயர்ச்சி வரலாம். அவர்கள் அதே ஆட்கள்தான், அதே உத்திதான்.

கோட்டைக்குள் நுழையும்போது தெரிந்திருக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. ஆட்டம் இதை முன்கூட்டிச் சொல்வதில்லை. சில பதிப்புகளில் சிலுவையாகவும் சிலவற்றில் கேடயமாகவும் வரும் ஓர் ஆயுதம் உண்டு. அது சிறிது தூரமே பாயும், ஆனால் எதிரிகள் எறிபவற்றை அழித்துவிடும். அது கையில் இல்லாமல் ஆறாம் கட்டத்தை முடித்தால், அதைக் கொண்டுவரச் சொல்லி ஐந்தாம் கட்டத்தின் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். எனவே ஐந்தாம் கட்டத்திலிருந்து குடம் சுமப்பவர்களைத் தவறவிடாதீர்கள். அந்த ஆயுதம் கிடைத்தபின் குறுவாள் கண்ணில் பட்டாலும் தாண்டிச் செல்லுங்கள். இத்தனை நேரம் விரும்பி எடுத்த ஆயுதத்தை இப்போது தீப்பந்தம்போல் விலக்க வேண்டியிருப்பது விரல்களுக்கு விசித்திரமாகத்தான் இருக்கும்.

இவ்வளவும் தாண்டி முடிவை அடைந்தவருக்கு, இது சாத்தான் விரித்த மாயவலை என்று திரையில் ஓர் அறிவிப்பு வரும். ஆட்டம் முதல் கட்டத்திலிருந்து, முன்னைவிடக் கடினமாக, மறுபடியும் தொடங்கும். உண்மையான முடிவு இரண்டாம் சுற்றின் கடைசியில்தான் இருக்கிறது. இதைக் கேட்டவுடன் மூலப் பதிப்பே வேண்டாம் என்று தோன்றினால், ஃபுஜிவாராவே இயக்கி 2021 இல் வந்த ரெசரெக்ஷன் பதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அதன் மிக எளிய நிலையில் ஆர்தர் விழுந்த இடத்திலேயே மறுபடி எழுகிறார், இருவர் சேர்ந்தும் ஆடலாம். மூலப் பதிப்பிலேயே தொடர்பவர்கள் இரண்டாம் சுற்றை அன்றே ஆடாமல், அந்த இடத்தில் சேமித்துவிட்டு, மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் முதல் நான்கடியை முன்பு நடந்தது போலவே நின்று நின்று நடந்து தொடங்குங்கள்.